செம்புக் கலசமும் முறுக்கு டப்பாவும்

போன ஆடி அமாவாசைக்கு முதல் நாள் காலை, மும்பை விமான நிலையத்தில் என் மனைவியின் அஸ்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எழுபது வயதில், வரிசையில் நின்றபடி.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் உங்களுக்கு என்னை சரசுவின் வீட்டுக்காரராகத்தான் தெரியும். செம்பூர் முருகன் கோயிலில் அவள் சன்னதிக்குள் போவாள். நான் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பேன்.

சரசு யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். மாதுங்காவில் என்னோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தினாள். சித்திரையில் போய்விட்டாள். கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். அங்கே அம்மாவைக் கரைத்த கீரிமலைக் கடலில், ஆடி அமாவாசையன்று தன்னையும் கரைக்க வேண்டும். "நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

சரக்கு ஏற்றுமதிக் காகிதங்களோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவன் நான். இறப்புச் சான்று, தகனச் சான்று, தூதரக அனுமதி, விமானக் கம்பெனியின் கடிதம், எல்லாவற்றிலும் மும்மூன்று நகல். அஸ்தியைப் புதுச் செம்புக் கலசத்தில் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டேன். கீரிமலையில் காத்திருந்த மைத்துனி தங்கம் மட்டும் போனில் ஒன்று சொன்னாள்: "அத்தான், வழியெல்லாம் அக்காவோட கதைச்சுக்கொண்டு வாங்கோ. கதைக்காமல் கொண்டு வந்தால் அவ வழி தெரியாமல் எங்கையாவது நிண்டிடுவா."

இது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். டாக்ஸியில் நான் வாயே திறக்கவில்லை. டிரைவர் என்ன நினைப்பான்?

பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே திரையில் கறுப்பாக ஒரு பானை தெரிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"அங்கிள், காகஸ் டீக் ஹை. டப்பா நஹி சலேகா" என்றார் அதிகாரி. காகிதம் சரி, கலசம் செல்லாது. உலோகத்துக்குள் எக்ஸ்ரே பார்க்காது. வேறு டப்பாவில் மாற்ற வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும்.

'பொதி முறையாக இல்லை' என்று எழுதி எத்தனை பேருடைய சரக்கை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! இந்த விமானத்தை விட்டால் அமாவாசைக்குள் கீரிமலை போக முடியாது. கலசத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கம் போய்விட்டது. உரக்கவே பேசினேன்.

"சரசு, டாக்ஸி சயான் தாண்டினதைச் சொல்லாம விட்டுட்டேன், தப்புதான். இப்ப ஏர்போர்ட்ல நிக்கறோம். பொதி சரியில்லையாம். முருகா, எங்கிட்ட இனிமே காகிதம் இல்ல. நீதான் பாக்கணும்."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன அண்ணாச்சி, உள்ள மதினியா?"

தாராவிக்காரப் பெண். கொழும்பில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவள். விஷயத்தைச் சொன்னேன். தன் பையிலிருந்து பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, முறுக்கையெல்லாம் கவரில் கொட்டினாள்.

"முறுக்கு கவர்ல போனாலும் முறுக்குதான். மதினி கவர்ல போவ முடியுமா? பிடிங்க."

முடிச்சுகளை அவளே அவிழ்த்தாள். நான் அஸ்தியை டப்பாவுக்கு மாற்றினேன். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டப்பாவில் எள்ளும் ஓமமும் மணத்தது. எக்ஸ்ரே இந்த முறை தடை சொல்லவில்லை.

அதன் பிறகு நான் பேச்சை நிறுத்தவில்லை. கொழும்பு வந்தாச்சு, வவுனியா வந்தாச்சு, ஆனையிறவு தாண்டியாச்சு என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். அமாவாசைக் காலையில், முறுக்கு டப்பாவின் ரோஜாப்பூப் படம் போட்ட மூடியைப் பார்த்ததும் தங்கம் சிரித்தாள். பிறகு அழுதாள். "அக்கா ஒரு டப்பாவையும் எறிய விடமாட்டாவே, அத்தான்!" உண்மைதான். அதற்காக அவளை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இடுப்பளவு தண்ணீரில் நின்று, "சரசு, வந்துட்டோம்" என்றேன். விட்டேன்.

இன்றும் யோசிக்கிறேன். என் விண்ணப்பம் எந்தக் கவுண்டரில் ஏற்கப்பட்டது? கௌரவமாக மனசுக்குள்ளேயே வேண்டியிருந்தால் அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்காது. அவள் காதில் விழுந்ததால் கிடைத்த உதவி என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஆனால் வாழ்நாளில் திறக்காத என் வாயைத் திறந்தது யார்? அவளை எனக்குப் பின்னால் நிறுத்தியது யார்? கோப்பு முழுக்கத் தேடிவிட்டேன். கையெழுத்து இல்லை. உத்தரவு மட்டும் நிறைவேறியிருக்கிறது.

இப்போதெல்லாம் செருப்பை விட்டுவிட்டு நானும் சன்னதிக்குள் போகிறேன். உங்களுக்கும் ஒரு நாள் காகிதமெல்லாம் தீர்ந்துபோகும். அப்போது வெட்கப்படாமல் உரக்கக் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் அவன் யாரை நிறுத்தியிருக்கிறான் என்று திரும்பிப் பார்க்கும்வரை தெரியாது.