பென்ஷன் இல்லாத சொல்தா

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் என் அப்பாவுக்கு வைத்திருந்த பெயர் 'பென்ஷன் இல்லாத சொல்தா.' வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, மாதாமாதம் அங்கிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கே சௌக்கியமாக இருப்பவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். சாயங்காலமானால் அவர்கள் பெத்தாங் ஆடுவார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன விளையாட்டு. மண் தரையில் ஒரு சின்ன மரப்பந்தைப் போட்டுவிட்டு, இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் வீச வேண்டும். யாருடைய குண்டு கிட்டே இருக்கிறதோ அவருக்குப் பாயிண்ட். அவ்வளவுதான் விஷயம். நரைத்த தலைகள் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்வதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அப்பா எந்தப் பட்டாளத்திலும் இருந்தவரில்லை. பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டும் குடமும் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மூன்றரைக்கு வெளியே வந்துவிடுவார். ஓவர்டைம் பார்க்கிறாயா என்று கேட்டால் வேண்டாம் என்பார். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக என் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து நிற்பார். நாலு மணி பெல் அடிப்பதற்கு முன்பே, வகுப்பு ஜன்னல் வழியாக எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், டிபன் கேரியர் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பார். எனக்கு உயிர் போகும். மற்ற பெண்களெல்லாம் வேனில் போவார்கள். என் அப்பா ஒருத்தருக்குத்தான் உலகத்தில் வேறு வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கிருந்து வீட்டுக்காவது போவோமா என்றால் அதுவும் இல்லை. பெத்தாங் திடலுக்குப் போவோம். நான் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். நடுவில், "பாப்பா, வா, வந்து அளந்து சொல்லு" என்று கூப்பிடுவார்கள். நான் போய் மரப்பந்துக்கும் குண்டுக்கும் நடுவில் டேப்பைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்வேன். எத்தனையோ நாள் பொய்யான அளவு சொல்லி அப்பாவைத் தோற்கடித்திருக்கிறேன், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று. அவர் தோற்றால் இன்னொரு ஆட்டம் ஆடுவார்.

அம்மாவின் பாடு இதைவிட மோசம். "சொல்தாவுக்கு பென்ஷன் வருது, ஆடுறாங்க. உங்களுக்கு இன்னா வருது?" என்று கேட்பாள். அப்பா, "எட்டு மணி நேரம் கம்பெனிக்குக் குடுத்தாச்சி. மிச்சம் எனக்கு" என்பார். இதற்கு மேல் அவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. அவருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த எதிர்வீட்டுக்காரர் சூப்பர்வைசர் ஆகி, ஸ்கூட்டர் வாங்கி, அவர் மகள் ஞாயிற்றுக்கிழமை அதில் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கதையை என்னிடம்தான் சொல்வாள்.

அப்பாவையும் இரண்டு தடவை சூப்பர்வைசர் ஆகச் சொன்னார்கள். இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது தடவை மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. வேணுமா வேண்டாமா என்பதை எழுத்தில் கொடு என்றார். அதைக் கேட்ட அன்று அம்மா சாப்பிடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பாவோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே. எழுதிக்குடு" என்றார். பிறகு மோட்டுவளையைப் பார்த்தபடி தமிழில் சொல்ல ஆரம்பித்தார். "ஐயா, என்ன மதிச்சிக் கேட்டதுக்கு ரொம்ப நன்றி. எனக்கு இருக்குற வேலையே போதும். கோவிச்சிக்காதீங்க."

நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் லீவ் லெட்டர். அந்த அச்சிலேயே ஃப்ரம், டூ, ரெஸ்பெக்டட் சார் எல்லாம் போட்டேன். அதற்குப் பிறகு, எழுதுகோலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். வேண்டாம் என்று எழுதவில்லை. சூப்பர்வைசர் வேலையை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினேன். கடைசியில் 'யுவர்ஸ் ஒபீடியண்ட்லி' என்று முடித்தேன்.

"நான் சொன்ன மாதிரியே எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேம்பா."

அவர் கீழே கையெழுத்துப் போட்டார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஸ்கூட்டர் பெரியதாக இருந்தது. மறுநாள் அவர் திரும்பி வந்து என் தோலை உரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வரும்போது கையில் அரைக் கிலோ ஜாங்கிரி இருந்தது. "சூப்பர்வைசர் ஆயிட்டேன்" என்றார். அம்மாவுக்கு வாய் மூட நேரமாயிற்று. மேனேஜர் கடிதத்தைப் படித்ததும் அப்பா கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார், அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு மறுக்க முடியாமல் வந்திருப்பார் என்று நானாக ஒரு கதையைக் கட்டிக்கொண்டேன். ஒரு குடும்பத்தையே கரையேற்றிவிட்ட பெருமை எனக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. சூப்பர்வைசருக்கு மூன்றரை மணி என்று ஒன்று கிடையாது. ஏழு, எட்டு, சில நாள் ஒன்பது. சூப்பர்வைசருக்கு ஓவர்டைம் காசும் கிடையாது என்பது அம்மாவுக்கு முதல் சம்பளத்தன்றுதான் தெரிந்தது. "இதுக்கா இத்தனை வருஷம் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தவணையில் ஸ்கூட்டர் வந்தது. வாரத்தில் ஆறு நாள் அது கம்பெனி வாசலில் நின்றது. ஏழாவது நாள் எங்கள் வாசலில் நின்றது, ஏனென்றால் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கடற்கரையாவது ஒன்றாவது. நான் வேனில் போய் வந்தேன். வேனில் எனக்குக் கிடைத்தது டிரைவருக்குப் பின்னால் எஞ்சின் சூடு அடிக்கிற இடம். பெத்தாங் ஆடும் பெரியவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால், "எங்கம்மா உங்கப்பன்?" என்று கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்?

அந்த வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் நான் ஆங்கிலத்தில் பேசினேன். கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மேடையிலிருந்து பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருந்தது. ஏதோ மெஷினில் பக்கெட் அச்சு சிக்கிக்கொண்டதாம். என் அப்பா இல்லாமல் அதை எடுக்க முடியாதாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் எழுந்து வந்து காப்பிக்கு உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஒன்னுத்துக்கும் வர முடியலன்னா யாரு உன்ன சூப்பர்வைசர் ஆவச் சொன்னது?" என்று கத்தினேன். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், நானேதான் கேட்டேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கோபமில்லை. சும்மா ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "அக்செப்ட்டுக்கு மொத எழுத்து ஏ வரணுமாம் பாப்பா. நீ ஈ போட்டிருந்த" என்றார்.

ஏ போட்டால்தான் ஒப்புக்கொள்கிறேன். ஈ போட்டால் அது எக்செப்ட். 'தவிர' என்று அர்த்தம். அப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர், பல வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தபோது மிச்சத்தைச் சொன்னார். மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "ஒத்துக்கிறேன்னு எழுதிருக்கியா, என்னத் தவிர வேற எவனுக்காவது குடுன்னு எழுதிருக்கியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பா கடிதத்தை வாங்கி என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். "எம்பொண்ணு ஒத்துக்கிறேன்னுதான் சார் எழுதிருக்கு" என்றாராம். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா மனுஷன்! என்னைக் கூப்பிட்டு இரண்டு சாத்து சாத்தியிருக்கக் கூடாதா! அந்த சூப்பர்வைசர் நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிற என்னிடம், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அப்பா பிழை கண்டுபிடித்துவிட்டாரே என்று அவமானமாக இருந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. டீச்சர் இதைப் பார்த்திருந்தால் இம்போசிஷன் கொடுத்திருப்பாள். நானே நோட்டை எடுத்து அந்த வார்த்தையை ஏ போட்டு இருபது தடவை எழுதி அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக இருபதையும் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு" என்றார். தப்பைத் திருத்தியாயிற்று என்று நோட்டை மூடி வைத்துவிட்டு நான் விளையாடப் போனேன்.