பொம்மை கேட்ட கேள்வி

பெருந்துறைப் பக்கம் ஜெரோமைத் தெரியாதவர்களுக்குக்கூட டிங்குவைத் தெரியும். டிங்கு, அவன் மடியில் உட்கார்ந்து பேசும் மரப்பொம்மை. ஈரோட்டுப் பொருட்காட்சியில் ஒருவர் உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவன், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தானே பழகிக்கொண்டான். 'ப'வும் 'ம'வும் உதடு சேராமல் வர மாட்டோம் என்று ரொம்ப நாள் அடம்பிடித்தன. பிறகு பாட்டுக் கச்சேரிகளில், பாடகர்கள் இளைப்பாறும் நேரத்தில் மேடை ஏறினான். கொஞ்ச காலத்தில் டிங்குவுக்காகவே கூட்டம் காத்திருந்தது.

ஜெரோம் கூச்சக்காரன். டிங்கு வாயாடி. அது யாரைக் கிண்டல் செய்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தொண்ணூற்று மூன்றில் பண்ணையார் பாலுசாமி தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். ஜெரோமின் அப்பா சூசை வாலிபத்திலிருந்தே பாடுபட்டது அவர் தோட்டத்தில்தான். அன்று பந்தல் போட்டதும் வாழைமரம் கட்டியதும் சூசையும் தோட்டத்து ஆட்களும். பந்திமேல் பந்தி முடிந்தும் அவர்கள் சமையல் கொட்டகைக்குப் பின்னால் பசியோடு நின்றிருந்தார்கள். கல்யாணக் கச்சேரியில் டிங்குவோடு மேடையேறியிருந்த ஜெரோம் அதைப் பார்த்தான். டிங்குவின் தலை பாலுசாமி பக்கம் திரும்பியது.

"ஏனுங்க பண்ணாடி, பந்தல் போட்டவங்களுக்கு மட்டும் எப்பவும் கடைசிப் பந்திதானுங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு சட்டென்று அடங்கியது.

நிகழ்ச்சி முடிந்ததும் பாலுசாமி கூப்பிட்டார். சூசையும் வந்து நின்றார்.

"ஏப்பா, அது நீ கேட்டதா, பொம்மை கேட்டதா?"

குரலில் கோபம்கூட இல்லை. ஜெரோம் கையிலிருந்த டிங்குவைப் பார்த்தான்.

"பொம்மைங்க... அதுக்கு வாய் சாஸ்திங்க. தெரியாம பேசிப்போட்டுதுங்க."

பாலுசாமி சிரித்து, அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வாய்க்கால் பாலம் தாண்டியதும் சூசை, "நீதான் கேட்டயாக்கும்னு நெனச்சுப்போட்டேங் கண்ணு" என்றார்.

அதன்பின் மகனின் நிகழ்ச்சி எதற்கும் அவர் வரவில்லை. பவானி, கோயமுத்தூர் என்று பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் ஜெரோம் பேர் வாங்கினான். டிங்கு இப்போது கணக்கு வாத்தியாரையும் மாமியாரையும் மட்டுமே கிண்டல் செய்தது. நான்தானப்பா கேட்டேன் என்று சொல்லிவிடப் பலமுறை அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தான். தொண்ணூற்றேழு ஐப்பசியில் காய்ச்சலில் படுத்த சூசை எழுந்திருக்கவே இல்லை.

அடக்கத்துக்குப் பாலுசாமி மாலையோடு வந்தார். "உங்கப்பனாட்ட ஒரு ஆளு இனிக் கெடைக்குமா?" என்றார். ஜெரோம் அவர் முகத்தைப் பார்த்தான். சுற்றிலும் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"பெரியவங்க வந்ததே போதுமுங்க" என்று கைகூப்பினான்.