கிரீனிச்சில் விட்டுவிட்டு வந்த மனுசன்

எங்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு ரோமாபுரிக்குப் போவதாகத்தான் இருந்தது. டிக்கெட் எடுக்க இருந்த கிழமையில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. என் கணவரின் தொண்டையைப் பார்க்கிற டொக்டர் குறித்த நாள் பயணத்தின் நடுவில் விழுந்தது. அதை மாற்றினால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பயணத்தை விடுவோம் என்று நான் சொன்னேன். அவர் சரியென்று தலையை ஆட்டினார். அந்த நாட்களில் அவர் தலையால்தான் பதில் சொல்வார்.

அதற்கு எட்டு மாதத்துக்கு முன் அவருடைய கழுத்தில் இருந்த தைரொயிட் கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். நல்ல வேளை, அது புற்றுநோய் இல்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று பலவீனப்பட்டுவிட்டது. இப்படி நடக்கக்கூடும் என்று முதலே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. மயக்கம் தெளிந்து அவர் என்னைக் கூப்பிட்டபோது வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.

அவர் கதைத்துப் பிழைத்த மனிதர். லண்டனின் மேற்கு ஓரத்தில், ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு பஸ் தூரம். அங்கே நடக்க ஏலாத பயணிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து விமான வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. போகிற வழியெல்லாம் அவர்களோடு கதைத்துக்கொண்டே போவார். பஞ்சாபி ஆச்சிமார், கானாவிலிருந்து வந்த பாதிரியார்கள், முதல்முறை விமானம் ஏறுகிறவர்கள் என்று வேலை முடிந்து வந்து எனக்கு அவர்களுடைய கதையெல்லாம் சொல்வார். மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் எங்கள் தமிழ்ப் பூசையில் வேதாகமத்தின் முதல் வாசகமும் அவர்தான் வாசிப்பார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதெல்லாம் நின்றது. பயணிகளுக்கு அவர் சொல்வது கேட்கவில்லை என்று பின்பக்கத்தில் பெட்டிகள் ஏற்றுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போன் அடித்தால் என்னிடம் நீட்டுவார். கடைக்குப் போனால் விரலால் காட்டுவார். கரகரத்த மெல்லிய குரல் ஒன்று அதற்குள் திரும்பியிருந்தது. பேசப் பேசத்தான் அது வலுக்கும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முதல் கிழமை மட்டும் செய்தார். ஒருநாள் மீன்கடையில் முன்னால் நின்ற ஒருவர், அண்ணை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறார். அன்றோடு வீட்டுக்கு வெளியே வாயைத் திறப்பதை விட்டுவிட்டார்.

ரோமாபுரி இல்லை என்று கேள்விப்பட்டதும் லீட்ஸில் வேலை செய்கிற மகள் போன் எடுத்தாள்.

"அம்மா, ஆக்கள் பிளேன் ஏறி வந்து பாக்கிற ஊரிலைதானே நீங்கள் இருக்கிறீங்கள். அதை எப்பவாவது பாத்திருக்கிறீங்களோ?"

யோசித்துப் பார்த்தேன். லண்டனின் நடுப்பகுதிக்குப் பாஸ்போர்ட் வேலையாகப் போயிருக்கிறோம், வழக்கறிஞரைப் பார்க்கப் போயிருக்கிறோம். மகளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்பியிருக்கிறோம். நாங்களாகப் பார்ப்பதற்கென்று ஒருநாளும் போனதில்லை. டொக்டரிடம் போகிற நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்கு, தேம்ஸ் கரையில் ராசாக்களின் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு தங்க அவளே பதிவு செய்துவிட்டாள்.

ஜூலை மாதம், நல்ல வெயில். ஒரு சின்னப் பெட்டியோடு பிக்கடிலி ரயிலில் ஏறி, ஹமர்ஸ்மித்தில் மாறி, டவர் ஹில்லில் இறங்கினோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். ஹவுன்ஸ்லோ என்றேன். அவள் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி, விமானத்தைத் தவறவிட்டுவிட்டீர்களோ என்று கேட்டாள். அவர் சிரித்தார். சத்தம் இல்லாமல்தான், ஆனாலும் தோள் குலுங்கச் சிரித்தார்.

கோட்டையில் காகங்களைப் பார்த்தோம். கோழியளவு பெரியவை. ராசாக்களின் முடிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிற அறையில் நடக்கவிடாமல் ஓடுகிற பட்டியில் ஏற்றி அனுப்பினார்கள். பெட்டி போகிற பட்டி மாதிரி என்று அவர் கையால் காட்டினார். ஒவ்வொரு பலகையையும் நின்று முழுதாக வாசித்தார். நான் கேள்வி கேட்பேன், அவர் பலகையைச் சுட்டிக்காட்டுவார். கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் சொல்ல நான் கேட்டுத்தான் பழக்கம். அன்று முழுவதும் நானே பேசி நானே ம் கொட்டிக்கொண்டு நடந்தேன். அந்த அழகான இடத்தில் எனக்குப் பெரிய தனிமையாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் படகில் கிரீனிச்சுக்குப் போனோம். மேட்டில் ஏறி, உலகத்தைக் கிழக்கென்றும் மேற்கென்றும் பிரிக்கிற பித்தளைக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றார், படம் எடுத்தேன். அவருடைய போனில் படம் எடுத்து எடுத்துச் சார்ஜ் முடிந்துவிட்டது. அதை வாங்கி என் கைப்பைக்குள் இருந்த பவர் பேங்கில் செருகி வைத்தேன். புல்லில் இருந்து ரொட்டியும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். பின்னேரம் மூன்று மணிபோலப் படகுத்துறைக்கு இறங்கினோம்.

அங்கே நீண்ட வரிசை. அவர் கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று சைகை காட்டினார். நான் வரிசையில் நின்றேன். படகு வந்ததும் வரிசை மளமளவென்று நகரத் தொடங்கியது. எனக்கு முன்னால் பத்துப் பேருக்கு அங்கால் அவருடைய வெள்ளைத் தொப்பியும் நீலக் கட்டம் போட்ட சேர்ட்டும் பாலத்தில் இறங்கிப் போவதைக் கண்டேன். இவர் எப்படியோ முன்னுக்குப் போய்விட்டார் என்று நினைத்து நானும் ஏறினேன். கயிற்றை அவிழ்த்துப் படகு கரையை விட்ட பிறகு அந்தத் தொப்பி திரும்பியது. யாரோ ஒரு சீன முதியவர்.

அவருடைய போன் என் பையில் இருந்தது. வங்கி அட்டை என் பையில் இருந்தது. அவர் தொலைந்துபோவார் என்று நான் பயப்படவில்லை. இந்த நாட்டுக்கு மொழி தெரியாமல் தனியாக வந்து சேர்ந்தவர் அவர். அவர் யாரிடமும் கேட்கமாட்டார் என்பதுதான் என் பயம். வெயிலில் அந்தத் துறையில் நின்று, எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் நிற்பார் என்று நினைத்தேன். படகில் வேலை செய்த பெண்ணிடம் விசயத்தைச் சொன்னேன். அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பிப் போகலாம் என்று அவள் ஆறுதலாகச் சொன்னாள்.

அப்போது என் போன் அடித்தது. தெரியாத இலக்கம். வேறொரு நாளென்றால் எடுத்திருக்கமாட்டேன்.

முதலில் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு காய்ந்த ஓலையை இழுப்பது போல ஒரு குரல்.

"நான்தான். நீர் எங்கை நிக்கிறீர்?"

எட்டு மாதமாக அந்தக் குரலைப் போனில் நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

"கதையுமப்பா" என்றார். "குரல் இல்லாதது எனக்கெல்லோ. உமக்கென்ன நடந்தது?"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். படகில் இருக்கிறேன், உங்களை மாதிரி ஒருவரைப் பார்த்து ஏறிவிட்டேன் என்று உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அடுத்த தரிப்பிலை இறங்கி நிழலிலை நில்லும். நான் வாறன்."

இறங்கி நின்றேன். இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அடுத்த படகு வளைவில் திரும்பி வந்தபோது முன்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். பக்கத்தில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அவர் ஒரு கையால் தொண்டையை லேசாக அழுத்தியபடி அவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். நான் அந்தப் படகில் ஏறிப் பக்கத்தில் போய் நின்ற பிறகும் அவர் கதையை நிறுத்தவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

நடந்ததைப் பிறகு சொன்னார். முதலில் கேட்ட இளைஞனுக்கு விளங்கவேயில்லை. இரண்டாவதாகக் கேட்ட ஆள், காசு கேட்கிறார் என்று நினைத்துக் கையை விரித்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் போய்ச் சுவரோடு நிற்போமா என்று யோசித்தாராம். என் மனுசி அழுதுகொண்டிருப்பாளே என்று நினைத்து, துறையில் ஒரு கதிரையில் கணவரோடு இருந்த, பிறகு படகில் பக்கத்தில் நின்ற அந்தப் போர்த்துக்கல் நாட்டு அம்மாவிடம் போய், குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தன் போனைக் கொடுத்து, அவருக்குச் சீட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் இலக்கம் அவருக்கு மனப்பாடம். அது எனக்கே அன்றுதான் தெரியும். அவருடைய இலக்கத்தை நான் பாடமாக்கியதில்லை.

அந்த அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நாளைக்கு ஊர் திரும்புகிறார்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு எங்கே சொல்ல வேண்டும், எந்த வாசலால் போனால் நடை குறைவு என்றெல்லாம் என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். விளங்காத இடத்தில் அந்த அம்மா திருப்பிக் கேட்டார், இவர் திருப்பிச் சொன்னார். தேம்ஸின் இரண்டு கரையிலும் பார்க்க எவ்வளவோ இருந்தன. நான் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஹோட்டலில் தனக்குத் தேத்தண்ணியும் எனக்குக் கோப்பியும் அவரே கேட்டார். பரிமாறிய பெண், மன்னிக்கவும் என்று குனிந்தாள். இன்னொரு தரம் சொன்னார், முகம் கறுக்கவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை விட்டுப் பார்த்த டொக்டர், நரம்பு மெல்ல அசையத் தொடங்கியிருக்கிறது, பழைய குரல் முழுதாக வருமென்று வாக்குக் கொடுக்க ஏலாது, ஆனால் பயிற்சியை விடக்கூடாது என்றார். ஓம் என்று இவர் வாயாலேயே சொன்னார்.

இப்போது காலையில் நான் சமைக்கிற நேரம் குளியலறையிலிருந்து ஆ, ஈ, ஊ என்று நீட்டி இழுக்கிற சத்தம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறாரோ தெரியாது. புரட்டாதியில் அவர் தன் மேலாளரிடம் போய்க் கேட்டார். கிழமையில் இரண்டு நாள் மட்டும் பயணிகள் பக்கம் வரவிட்டிருக்கிறார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நின்று சொன்னால் கேட்காது என்று, வாசலில் நிறுத்தி முன்னுக்கு வந்து குந்தியிருந்து கதைக்கிறாராம். அந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். சுடுதண்ணீர் கொடுத்து, இனிப் பேச வேண்டாம் என்று சொல்வேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, இன்றைக்கு ஒரு ஆச்சி வந்தவ என்று தொடங்குவார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கிட்டப் போய் இருந்து கேட்பேன்.