கசிவுக்கு அசையாத சங்கிலி

கையில் நல்ல செய்தி இருந்தால் எனக்குப் பொறுமையே இருக்காது. பினாங்கில் ஆராய்ச்சி மாணவியாக அது மூன்றாம் ஆண்டு. என் வேலையெல்லாம் கணினிக்குள் இருக்கும் ஓர் அணுச்சங்கிலியோடுதான். அது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் ஒரு மீக்கடத்தி. அணுக்களின் அமைப்பில் ஒழுங்கு உண்டு, ஆனால் அந்த ஒழுங்கு ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வராது. குவாசிகிரிஸ்டல் என்போம். சங்கிலியின் இரு முனைகளிலும் ஆற்றல் சுழியமான ஒரு சோடி நிலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சங்கிலியிலிருந்து ஆற்றல் கசிந்தாலும் அந்தச் சோடி தாங்குமா? திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழுவின் முன் இதற்கு விடை சொல்லாவிட்டால் தலைப்பையே கைவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை விடை வந்தது. கசிவை இரட்டிப்பாக்கினேன், பத்து மடங்காக்கினேன். சோடி அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வில் முடிவு கிடைத்தவர் மற்ற எல்லோருக்கும் நாசி கண்டார் என்கிற கறிச்சோறு வாங்கித் தருவது எங்கள் ஆய்வறை வழக்கம். மத்தியானமே ஐந்து பேரைச் சூலியா தெருவிலுள்ள கடைக்கு இழுத்துப் போனேன்.

என்னோடு ஆய்வு செய்யும் இளையவர் ஒருவர் மீன் கறியைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அக்கா, அந்த ரெண்டும் அசையல, சரி. மத்த எனர்ஜியாச்சும் மாறிச்சா?"

"ஒண்ணும் மாறல தம்பி. எல்லாமே ஸ்ட்ராங்!"

"ஒண்ணுமேவா? அப்ப கசிவு உள்ள போகவே இல்ல லா! எந்தக் கமாண்ட் போட்டீங்க?"

கைப்பேசியில் நிரலைத் திறந்து பார்த்தேன். நான் போட்டிருந்தது கசிவே இல்லாத அமைப்புகளுக்கான கட்டளை. வேகமாக ஓடுகிறதே என்று முதலாண்டில் எழுதியதை மாற்றாமல் விட்டிருந்தேன். கசிவை நான் சங்கிலியைக் குறிக்கும் அணியின் மூலைவிட்டத்தில் கற்பனை எண்களாக எழுதியிருந்தேன். அந்தக் கட்டளை அவற்றை எட்டிக்கூடப் பார்க்காது, பிழை என்றும் சொல்லாது. ஐவரும் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

டத்தோ கிராமாட்டில் என் வாடகை அறைக்குப் போய், அந்தக் கட்டளைச் சொல்லை மட்டும் மாற்றிப் பயந்துகொண்டே ஓடவிட்டேன். மற்ற ஆற்றல்கள் திக்குக்கொன்றாகச் சிதறின. சோடி மட்டும் சுழியத்திலேயே இருந்தது. விடாமல் கசிவை ஏற்றினேன். ஓர் அளவுக்குமேல் அதுவும் சுழியத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டது. கசிவு இந்த முறை உண்மையாகவே உள்ளே போயிருந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

திங்கட்கிழமை, குழுவின் மூத்த பேராசிரியை முதலில் கேட்டதே, "எந்த அளவில் உடையும்?" என்றுதான். எவ்வளவு கசிந்தாலும் உடையாத சோடி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையாக இருந்தால், "உடையவே உடையாது" என்று பெருமையாகச் சொல்லித் தலைப்பைப் பறிகொடுத்திருப்பேன். இப்போது உடையும் அளவைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.