மாடி வீட்டுப் போலீஸ்காரி

வீடு தேடி அலைந்தபோது அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கணவன் பஸ் டிரைவர் என்று சொல்லும்போதுகூட வீட்டுக்காரர்கள் முகத்தில் சிரிப்பு இருக்கும். "நீங்க என்னம்மா வேலை பார்க்கிறீங்க?" என்ற கேள்விக்கு "போலீஸ்" என்று பதில் வந்த மறுநிமிடம், அந்த வீட்டுக்கு எங்கிருந்தோ ஒரு சொந்தக்காரர் குடிவரப் போவதாகத் தெரியவரும்.

கடைசியில் மாடியைக் கொடுத்தவர் ஒரு சலவைக்கடைக்காரர். கீழே கடை, கடைக்குப் பின்னால் அவர் குடும்பம், மேலே இரண்டு அறைகள். அவரும் இஷ்டப்பட்டுக் கொடுக்கவில்லை. அவர் மனைவிதான், "பூட்டிப் போட்டா பல்லிதான் குடியிருக்கும். போலீஸ்னா என்ன, அவங்களும் மனுஷங்கதானே" என்று சாவியை எடுத்து நீட்டினாள். நீட்டிய கையோடு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"ஜீப்பு கீப்பு எதுவும் நம்ம வாசல்ல வந்து நிக்கக் கூடாதும்மா. எங்களைப் பிடிக்க வந்திருக்குன்னு ஊரே பேசும்."

அதனால் அவள் தினமும் தெருமுனையிலேயே இறங்கி நடந்து வந்தாள். அவள் தலை தெரிந்ததும் தெரு அடங்கிப்போகும். முடிதிருத்தும் கடையில் பாட்டுச் சத்தம் குறையும். நடைபாதையில் கேரம் ஆடும் ஆண்கள், திருட்டுச் சாமான் போலப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். எதிர்வீட்டுத் தம்பதி சண்டையைப் பாதியில் நிறுத்தி, அவள் படியேறிப் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

சலவைக்கடைக்காரர் பயத்தை வேறு விதமாகக் காட்டினார். யார் துணி காத்திருந்தாலும் அவளுடைய சீருடைக்குத்தான் முதலில் இஸ்திரி.

"வரிசைப்படி போடுங்கண்ணே" என்றாள் அவள்.

"அதனால என்ன மேடம்" என்றார் அவர்.

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சீருடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தானே தேய்த்தாள். காலரில் லேசாகத் தீய்ந்தது. மறுநாள் அந்தக் காலரைப் பார்த்த சலவைக்கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "கொடுங்க மேடம், வரிசையிலேயே போடறேன். இந்தக் கொடுமையை என்னால பார்க்க முடியல" என்று வாங்கிக்கொண்டார்.

கேரம் ஆட்டக்காரர்களை வழிக்குக் கொண்டுவந்தது அவளுடைய கணவன். ஒரு விடுமுறை நாளில் கைலியோடு இறங்கிப்போய், "ஒரு கை சேர்த்துக்கிறீங்களா?" என்று உட்கார்ந்தான். பஸ் ஓட்டுவதில் கெட்டிக்காரனாக இருக்கலாம். கேரத்தில் அவன் குறிவைத்த காய் தவிர மற்ற எல்லாம் நகரும். அன்று தெருவில் எல்லோரும் அவனை ஜெயித்தார்கள். போலீஸ்காரி வீட்டுக்காரனைத் தோற்கடித்த சந்தோஷத்தில் பலகை அன்று உள்ளே போகவில்லை.

அடுத்த கட்டிடத்து வெல்டிங்காரர் மட்டும் இளகவில்லை. அவள் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் முகத்துக்கு மறைப்பை இறக்கிக்கொள்வார், கையில் வேலையே இல்லாவிட்டாலும். காரணத்தை வீட்டுக்காரம்மாதான் சொன்னாள். பல வருஷத்துக்கு முன் அவர் கிரில் பொருத்திக் கொடுத்த ஒரு வீட்டில் திருட்டுப் போனது. இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். சாயங்காலம், "ஆள் கிடைச்சுட்டான், நீ போ" என்றார்கள். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

கேட்டதிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் பட்டறை முன் நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு உங்களுக்கு நடந்தது தப்பு."

மறைப்பைத் தூக்காமலே அவர் சொன்னார், "நீங்க அடிக்கலையே மேடம்."

"நான் போட்டிருக்கிற சட்டைதானே அடிச்சது."

அவர் இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து ஒட்டவைக்க ஆரம்பித்துவிட்டார். பொறி பறந்தது. அவள் நகர்ந்துவிட்டாள்.

மழைக்காலத்தில் அந்த விபத்து நடந்தது. தெருமுனைத் திருப்பத்தில், தையல் வகுப்பு நடத்தும் அம்மாளை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பார்க்கவில்லை என்றார்கள். இரண்டு காவலர்கள் வந்து கடை கடையாகக் கேட்டார்கள். தெரு முழுக்க ஒரே பதில்: "நான் உள்ளே இருந்தேங்க."

மறுநாள் சாயங்காலம் அவள் கதவு தட்டப்பட்டது. வெல்டிங்காரர் நின்றார். மறைப்பில்லாத அவர் முகத்தை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கணவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிதான்" என்றார்.

அவர் தம்பியைத் தெருவில் சுருட்டை என்பார்கள். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அண்ணன் வார்த்தையை மீறாத பிள்ளை.

"பயந்துட்டான். நேத்திலிருந்து ஒரு வாய் சாப்பிடல. கொண்டாந்து விட்டுடறேன். ஆனா..." அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "கை வைக்க மாட்டாங்கன்னு நீங்க சொல்ல முடியுமா?"

ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிட்டு நாளைக்கு அது பொய்யாகிவிட்டால், இந்த மனிதர் ஆயுசுக்கும் யாரையும் நம்ப மாட்டார்.

"கேஸை இல்லாம பண்ண என்னால முடியாதுண்ணே. அந்த அம்மா கை ஒடிஞ்சிருக்கு. கோர்ட்டு, தண்டனை எல்லாம் அவன் பார்த்துத்தான் ஆகணும். ஆனா காலையில நீங்களே கூட்டிட்டு வாங்க. வக்கீல் வேணும்னா வச்சுக்கங்க. அவன் வெளியே வர்ற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன். யாரும் தொட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், கெட்டவரல்ல, அவசரக்காரர். அவர் போட்ட சத்தம் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

"ஆள் யாருன்னு தெரிஞ்சும் கையோட கூட்டிட்டு வராம, காலையில வான்னு சொல்லியிருக்கீங்களா? ராத்திரியோட ஓடிட்டான்னா?"

"ஓட மாட்டான் சார்."

"ஓடிட்டான்னா?"

"என் தப்புன்னு நானே எழுதிக் கொடுக்கறேன் சார்."

வெல்டிங்காரர் எழுந்தார். டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, படியிறங்கிப் போனார்.

காலையில் அவள் சீக்கிரமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். வருவதாகச் சொன்ன நேரம் வந்தது, போனது. இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். வேலை போய்விடாது, தெரியும். நேற்று அந்த மனிதரைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமோ என்பதுதான் குடைந்தது.

அப்போது வெளியே கசகசவென்று பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தாள். முன்னால் வெல்டிங்காரர், நடுவில் சுருட்டை, பின்னால் அவள் தெருவே வந்துகொண்டிருந்தது. சலவைக்கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள். முடிதிருத்துபவர் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. எதிர்வீட்டுத் தம்பதி சண்டையில்லாமல் சேர்ந்து நடந்து வந்தார்கள்.

"என்னம்மா இது, முற்றுகையா?" என்று இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தேடினார்.

"இல்ல சார். துணைக்கு வந்திருக்காங்க."

தாமதத்துக்குக் காரணம் சுருட்டை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறான். கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த தையல் அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள். "இப்பவாவது வந்தியே. ஆனா கேஸ் கேஸ்தான், பார்த்துக்கோ" என்றிருக்கிறாள்.

விசாரணை நடந்த அறைக் கதவை அவள் மூடவிடவில்லை. சுருட்டைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே மற்றவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார, வெல்டிங்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"பெஞ்சுலதான் இடம் இருக்கே, உட்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம் சார். அதுல நான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் விழித்தார். அவள் திறந்த கதவருகே வந்து, தாழ்ந்த குரலில் பழைய கதையைச் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு தன் அறைக்குள் போய், ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"நான் அப்போ இங்கே இல்லைங்க. இருந்தாலும்... நடந்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க."

பழக்கமில்லாத வார்த்தை என்பதால் பாதிதான் வெளியே கேட்டது. ஆனாலும் வெல்டிங்காரர் உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்குள் சுருட்டையை ஜாமீனில் வெளியே விட்டார்கள். பின்னால் வழக்கு நடந்தது. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள், அபராதமும் போட்டார்கள். அவன் சைக்கிளில் பார்சல் கொண்டுபோனான். தையல் அம்மாளின் கை கூடும்வரை, வகுப்பின் இரும்புக் கதவைக் காலையில் தூக்கிவிடுவதும் மாலையில் இறக்கிவிடுவதும் அவன் வேலையானது. "ஏய், மெதுவாத் தூக்குடா" என்று அந்த அம்மாள் அதட்டுவது தெருமுனைவரை கேட்கும்.

அதன்பிறகு தெருவில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசி இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னமும் அவளிடம் பேசுவதில்லை. ஆனால் ஆட்கள் ஸ்டேஷன் படியேறத் தொடங்கினார்கள். சைக்கிள் காணோம் என்று ஒருவர், பெண்ணுக்கு யாரோ போனில் தொல்லை கொடுக்கிறார்கள் என்று ஒரு தாய். இன்ஸ்பெக்டர் வாரத்தில் ஒரு நாள் சலவைக்கடை முன் வந்து உட்கார்ந்து குறை கேட்டார். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம், எரியாத தெருவிளக்கைப் பற்றி ஆளாளுக்குப் பேசி அவரைத் திணற அடித்துவிட்டார்கள். அது எங்கள் இலாகா இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரே எழுதிப் போட்டு விளக்கு வந்தது.

வெல்டிங்காரர் இப்போது அவளை "தங்கச்சி" என்கிறார்.

சில நாட்களுக்கு முன் ஒரு காலை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாள். தொட்டி நிரம்பி, சுவர் வழியாக வழிந்து, கீழே தேய்த்து அடுக்கியிருந்த துணிமேல் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரம்மா நடுத்தெருவில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஏம்மா, ஊரையே காவல் காக்கறே, ஒரு மோட்டாரைக் காக்க முடியாதா? இறங்கி வா முதல்ல! அடுக்கின துணியெல்லாம் போச்சு!"

கேரம் ஆடியவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முழுச் சீருடையில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு அவள் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா, மறந்துட்டேன்."

"மறப்பே, மறப்பே. சாயங்காலம் வந்து நீயே தேய்ச்சுக் கொடு."

"வேண்டாம், வேண்டாம்!" என்று உள்ளேயிருந்து சலவைக்கடைக்காரர் அலறினார். தெரு முழுக்கச் சிரித்தது.

படியேறி வந்தவளைப் பார்த்துக் கணவன் கேட்டான், "திட்டு வாங்கிட்டு வந்து எதுக்குச் சிரிக்கிறே?"

"பயமில்லாம திட்டறாங்க, பார்த்தியா?" என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னொரு ஷூவைத் தேடினாள்.