நாற்பத்தெட்டு நாள் சாமி

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டால் அர்ச்சுனன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். எல்லோரும் சாமி. டிராக்டர் முதலாளி சாமி, டீக்கடைக்காரர் சாமி, குறுக்கே ஓடுகிற நாயும் சாமி. பெண்டாட்டி கலைமணியும் அப்போது சாமிதான். "தண்ணி எடுத்து வைங்க சாமி" என்பான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் நாய். கூப்பிட்டு அவள் வருவதற்குக் கொஞ்சம் சுணங்கினால் அடி விழும்.

கம்பைநல்லூரில் அவர்களுக்கு எதிர் வீடு என் வீடு. கலைமணி மண்டியில் புளிக்குக் கொட்டை எடுக்கிற வேலைக்குப் போகிறவள். கல்யாணமாகி எட்டு வருஷம். விரதம் அவனுக்கு, வேலை முழுவதும் அவளுக்கு. விடிவதற்கு முன்னால் அவன் குளிக்க வேண்டும் என்றால் அவள் அதற்கும் முன்னால் எழுந்து வாசல் தெளித்து, தனிப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களில் என் வீட்டில் வந்து படுத்துக்கொள்வாள். "வருசம் பூரா கார்த்திகையா இருந்தா எப்பிடி இருக்கும்க்கா" என்று ஒருமுறை கேட்டாள்.

அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் அர்ச்சுனனின் அண்ணன் அறிவழகன். பெற்றவர்கள் வைத்த பெயர் பச்சியப்பன். பகுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்த பிறகு தானே மாற்றிக்கொண்டார். தம்பிக்குக் கறுப்பு வேட்டி என்றால் இவருக்குக் கறுப்புச் சட்டை. குடி கிடையாது, பொய் கிடையாது, பெண்டாட்டி மேல் கை வைத்தது கிடையாது. அன்றன்று செய்த தப்பை ஒரு நோட்டில் எழுதித் தன்னைத் திருத்திக்கொள்கிறவர். "சாமிக்குப் பயந்து ஒழுங்கா இருக்கறவன் மாலையக் கழட்டுனா பழையபடி ஆயிருவான். மனுசன் அறிவால திருந்தணும்" என்பார். பேச்சில் குற்றம் சொல்ல முடியாது.

இந்த வருஷம் மாலை கழற்ற ஒரு வாரம் இருக்கும்போது கலைமணி அவரிடம் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. கழட்டுன அன்னிக்கே ஆரம்பிச்சிருவாரு" என்றாள்.

பெண்ணடிமைத்தனம் எங்கிருந்து வந்தது என்று அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில், "ஆனா இது புருசன் பொண்டாட்டி விசயம்மா. நான் நடுவுல வந்தா நல்லாருக்காது. நீதான் தைரியமா இருக்கணும்" என்றார்.

அந்த நோட்டைப் பிடுங்கி அடுப்பில் போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. தான் செய்த தப்பு மட்டும்தான் அதில் ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏறாது.

மலைக்குப் போய் வந்த அன்று அர்ச்சுனன் வீட்டு வாசலில் கூட்டம். குருசாமி மாலையைக் கழற்றக் கை நீட்டினார்.

"கழட்டாதீங்க" என்றாள் கலைமணி. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து யாரோ சிரித்தார்கள்.

"கழட்டுனா என்னய அடிப்பாருங்க. கோவம் வந்தா இவருக்குக் கண்ணு மண்ணு தெரியாதுன்னுதான் எட்டு வருசமா நெனச்சிட்டு இருந்தேன். தெரியுதே! இந்த நாப்பத்தெட்டு நாள்ல கொழம்புல உப்பு இல்லன்னாலும் சாமின்னுதானே கூப்புட்டாரு? அப்ப இவரால முடியுது. முடிஞ்சும்தான் அடிச்சிருக்காரு."

"வூட்டு விசயத்த சாமி முன்னாடி பேசக்கூடாதும்மா" என்றார் குருசாமி.

தெருவோரம் நின்ற அறிவழகன், தன் கட்சி ஜெயித்த மாதிரி தலையாட்டினார். கலைமணி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எதுக்கு மாமா தலையாட்டறீங்க? நான் கத்தறது உங்க வூட்டுக்குக் கேக்கலயா?"

அவர் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

மாலையைக் கழற்றினார்கள். "உள்ள போடி நாயே" என்றான் அர்ச்சுனன். சுற்றி இருபது சாமிகள் நின்றார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு வீட்டுப் பூஜையில் அவன் காலில் விழுந்து கும்பிட்டவள் நான்.

கலைமணி உள்ளே போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அரூர் லேடீஸ் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன்க்கா. அடிச்சதப் பாத்தவங்க யாருன்னு கேப்பாங்க. வந்து சொல்லுவீங்களா, இல்ல நீங்களும் புருசன் பொண்டாட்டி விசயம்னுருவீங்களா?"

போனேன். பஸ்ஸில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தும்போதெல்லாம் எட்டு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டவளிடம் பேச அவளுக்கு என்ன இருக்கிறது?