வேரோடு அரைத்த குப்பைமேனி

தையல் கூடத்தில் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில்லாப் பூச்சி என்பதன் சுருக்கம். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. சுவரோரமாக வந்து, வெள்ளைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து, ஒருவர் கண்ணிலும் படாமல் வீடு திரும்புவதே தன் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள்.

பொத்தான் தைக்கும் அந்தக் கைக்குத்தான் சொறி வந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. மேஸ்திரியம்மா பார்த்தால் வேலை போய்விடும். போன வருஷம் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினாள். டாக்டரிடம் போகலாம், ஆனால் அங்கே வாயைத் திறக்க வேண்டுமே!

அண்ணியிடம் மட்டும் காட்டினாள்.

"இதுக்கா அழற? சாக்கடையோரம் குப்பைமேனி மண்டிக் கிடக்கு. இலையைப் பறிச்சு, உப்பு வச்சு அரைச்சுப் பூசு. காஞ்சதும் கழுவிடு. எங்கம்மா சளிக்குக்கூட அதோட சாறுதான் குடுப்பாங்க."

இலைக்கே இவ்வளவு குணமென்றால் வேருக்கு எவ்வளவு இருக்கும்! அவள் மூளை அபூர்வமாக வேலை செய்தது, அதுதான் வினை. அண்ணியை இன்னொரு தடவை கேட்கக் கூச்சம். செடியை வேரோடு பிடுங்கி அரைத்து, முழங்கை வரை அப்பிக்கொண்டாள். நேரமாகிவிடவே அரைகுறையாய்க் கழுவிவிட்டு ஓடினாள்.

தெருமுனையில் ஒரு பூனை பின்னால் வந்தது. அடுத்த திருப்பத்தில் இன்னொன்று. கூடத்து வாசலில் திரும்பினால் நாலு! அந்த வேரின் வாசனைக்குப் பூனைகள் கிறங்கிப்போகும் என்று அண்ணி சொல்லவில்லை, இவள்தான் கேட்கவில்லையே. ஒளிந்தே வாழ்ந்தவளுக்கு இப்போது பரிவாரம். "சூ" என்று அவள் விரட்டியது அவளுக்கே கேட்கவில்லை, பூனைக்கா கேட்கும்? ஒன்று கூடவே உள்ளே வந்து மேசைமேல் தாவி, அவள் கையில் முகத்தைத் தேய்த்து, வெள்ளைச் சட்டைகள்மேல் மல்லாந்து உருண்டது.

"என்னடி கூத்து இது? கையைக் காட்டு!" மேஸ்திரியம்மா வந்துவிட்டாள்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சொறி, இலை, உப்பு, வேர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மிஷின்கள் நின்றன.

"அட, பூச்சிக்கு வாய் இருக்குடி!" என்றாள் ஒருத்தி.

மேஸ்திரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கை ஆறுற வரைக்கும் வெள்ளையைத் தொடாதே. லீவு போட்டுட்டு வீட்ல இரு. ஆறினதும் வா, உன் இடம் எங்கயும் போகாது." பிறகு குனிந்து கிசுகிசுத்தாள்: "ஏண்டி, அந்தச் செடி எங்க இருக்கு? எனக்கும் கால்ல..."

"எங்க தெரு சாக்கடையோரம்மா! உங்க சொறிக்கு வேரை மட்டும் போட்டுடாதீங்க!"

புதிதாகத் திறந்த வாய், அளவு தெரியவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.